இனுகாமி குடும்பம் (1976): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லி நான் நச்சரித்த ஒவ்வொருவரும் பாதியில் நிறுத்திவிட்டு, "இவன் யாரு, அந்த முகமூடிக்காரன் யாரு, எதுக்கு அந்தப் பொண்ணுக்குச் சொத்து?" என்று கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் தட்டி விரல் அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். முதல் பாதிக் கேள்விகளில் கொலையாளியைச் சொல்லமாட்டேன். அதன்பிறகு எல்லாவற்றையும் போட்டு உடைப்பேன், உடைப்பதற்கு முன் எச்சரிக்கையும் வரும்.

முதலில், இது என்ன படம்?

ஜப்பானியப் படம். அவர்கள் மொழியில் 'இனுகாமிகே நோ இச்சிசோகு'. இயக்கம் கோன் இச்சிகாவா, ஓடும் நேரம் 146 நிமிடம். செய்ஷி யோகோமிசோ 1950, 51-ஆம் ஆண்டுகளில் பத்திரிகைத் தொடராக எழுதிய துப்பறியும் நாவல்தான் மூலம். தயாரிப்பாளர் ஹருகி கடோகாவா, பெரிய பதிப்பகம் ஒன்றின் வாரிசு. அலமாரியில் இருக்கும் புத்தகங்களைப் படத்தைக் காட்டி விற்கலாம், புத்தகத்தைக் காட்டிப் படத்தை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு இறங்கினார், அவர் எடுத்த முதல் படமே இதுதான். கணக்கு பலித்தது. அதுவரை கொஞ்சம் மறந்துபோயிருந்த யோகோமிசோ, எழுபது வயதுக்கு மேல் மறுபடியும் நாடு முழுக்கப் படிக்கப்படும் எழுத்தாளர் ஆனார். படத்தில் அவரே தலையும் காட்டுகிறார், துப்பறிவாளர் தங்குகிற விடுதியின் முதலாளியாக.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1947. போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஜப்பானின் மலைப்பகுதியில், நாசு என்ற ஏரிக்கரை ஊரில் இனுகாமி சாஹே என்ற பெரும் பணக்காரக் கிழவர் சாகக் கிடக்கிறார். சுற்றி மூன்று மகள்கள், பேரன்கள். யாருக்கும் கண்ணில் நீர் இல்லை. மூத்தவள் குனிந்து கேட்பது "உயில் எங்கே" என்பதைத்தான். கிழவர் வாய் திறக்கவில்லை, நடுங்குகிற விரலால் வக்கீலைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடுகிறார். உயிலை உடனே படிக்கவும் முடியாது, போருக்குப் போன மூத்த பேரன் வந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை. பேரன் வருகிறான், முகம் முழுக்க வெள்ளை ரப்பர் முகமூடியோடு. உயில் படிக்கப்படுகிறது. பிறகு பேரன்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள்.

நாசு ஊரும் ஏரியும் கற்பனை. நாகானோ மாகாணத்துச் சுவா ஏரிப் பக்கத்தை மனதில் வைத்து எழுதியது. நாவலில் சாஹே பட்டு நூல் ஆலைக்காரர், சுவா பக்கம் பட்டுக்குப் பேர்போனது, அதனால் அது பொருத்தம். படத்தில் அவரை மருந்துக் கம்பெனி முதலாளியாக்கிவிட்டார்கள்.

யார் யார் என்றே புரியவில்லை. உதவுங்களேன்.

எல்லாருக்கும் இதே பாடுதான், எனக்கும் முதல் தடவை அப்படித்தான். பேர்களில் ஒரு சூத்திரம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும். சாஹே முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. மூன்று துணைவிகள், ஆளுக்கு ஒரு மகள். மூத்தவள் மாத்சுகோ, அடுத்தவள் தாகேகோ, கடைசி உமேகோ. மாத்சு என்றால் பைன் மரம், தாகே மூங்கில், உமே பிளம். இந்த மூன்றும் ஜப்பானில் மங்கல வரிசை. அங்கே ஓட்டலில் சாப்பாட்டைத் தரம் பிரிப்பதும் பைன், மூங்கில், பிளம் என்றுதான், நம்மூரில் ஸ்பெஷல், சாதா என்று எழுதிவைப்பது மாதிரி. பெற்ற பெண்களுக்கு மெனு கார்டு வரிசையில் பேர் வைத்த அப்பன் என்று நினைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் அந்த ஆளைப் பற்றிப் பாதி புரிந்துவிடும்.

மாத்சுகோவின் மகன் சுகேகியோ, முகமூடிக்காரன். தாகேகோவின் மகன் சுகேதாகே, அவனுக்குச் சாயோகோ என்று ஒரு தங்கை. உமேகோவின் மகன் சுகேதோமோ. ஆண் பேர் எல்லாம் 'சுகே' என்று ஆரம்பிப்பதால் குழம்பும், பின்பாதியை மட்டும் கவனியுங்கள்.

இவர்களைத் தவிர அந்த வீட்டில் வளர்கிற தமாயோ. சாஹே அநாதையாகத் திரிந்த காலத்தில் எடுத்து வளர்த்த நாசு கோயில் பூசாரி தாய்நியின் பேத்தி என்று எல்லாரும் நினைக்கிற பெண். பிறகு கண்ணுக்கே தெரியாத ஒருவன், ஆவோனுமா ஷிசுமா. சாஹே வயதான பிறகு மனதாரப் பிரியம் வைத்த கிகுனோ என்ற ஆலைத் தொழிலாளிக்குப் பிறந்த மகன். அவன் எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்றே தெரியாது.

உயிலில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு காகிதத்தை எழுதி ஒரு குடும்பத்தையே எப்படிக் கொல்லலாம் என்று யாராவது பாடம் நடத்தினால் இந்த உயிலைத்தான் எடுத்துக்காட்டாகக் கொடுக்க வேண்டும். மகள்களுக்கு ஒரு காசு கிடையாது. தொழில், சொத்து, குடும்ப அதிகாரத்துக்கு அடையாளமான மூன்று பொக்கிஷங்கள் எல்லாமே தமாயோவுக்கு. ஆனால் அவள் மூன்று மாதத்துக்குள் மூன்று பேரன்களில் ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். வேறு ஆளைக் கட்டினால் எல்லாம் போச்சு. மூன்று பேரும் அவளை வேண்டாம் என்றாலோ, மூன்று பேரும் செத்துப்போனாலோ அவள் இஷ்டப்பட்டவரைக் கட்டலாம்.

தமாயோ உரிமையை இழந்தாலோ செத்தாலோ? சொத்து ஐந்து பங்கு. பேரன்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு அந்தக் காணாமல்போன ஷிசுமாவுக்கு. தமாயோவும் இல்லை, பேரன்களும் இல்லை என்றால் அத்தனையும் ஷிசுமாவுக்கு.

இப்போது அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவராக உங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் உமேகோ என்றால், உங்கள் மகனை விட்டு மற்ற இரண்டு பேர் செத்தால் லாபம். நீங்கள் தமாயோ என்றால் மூவரும் செத்தால் விடுதலை. ஷிசுமா என்றால் எல்லாரும் செத்தால் கோடீஸ்வரன். உயிலில் எந்த வரியும் "கொல்" என்று சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் இன்னொருவர் சாவுக்கு விலை போட்டுவைத்திருக்கிறது. இந்தக் காட்சியை இச்சிகாவா எடுத்திருக்கிற விதமும் அபாரம். வக்கீல் ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போக, ஒவ்வொரு பேர் வரும்போதும் அந்த முகத்துக்குச் சட்டென்று வெட்டு, வெட்டு, வெட்டு. யார் மனதில் என்ன ஓடுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

இப்படி ஓர் உயில் சட்டப்படி செல்லுமா?

வக்கீல் நண்பர் ஒருவர் படம் பார்க்கும்போது இதைக் கேட்டே உயிரை எடுத்துவிட்டார். பிள்ளைகளை உயிலால் முழுதாக வெட்டிவிட முடியாது என்பது ஜப்பானியச் சட்டத்தில் பழைய விதி. பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பங்கு ஒன்று உண்டு, இன்றைய சட்டத்தில் பிள்ளைகள் எல்லாருமாகச் சேர்ந்து சொத்தில் பாதிவரை கேட்டு வாங்கலாம். ஆக, மூன்று அக்கா தங்கைகளும் நேராகக் கோர்ட்டுக்குப் போயிருந்தால் படம் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும், யாரும் செத்திருக்கவும் மாட்டார்கள்.

ஆனால் கதை நடக்கிற வருடத்தைக் கவனிக்க வேண்டும். குடும்பத் தலைவர் பதவியும் சொத்தும் மொத்தமாக ஒருவருக்கே போகிற மெய்ஜி காலத்து வாரிசுமுறை, 1947 மே 3-ஆம் தேதி புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோதுதான் நிறுத்தப்பட்டது. திருத்திய சிவில் சட்டம் 1948 ஜனவரி 1 முதல். அதாவது வெளியே நாடே "பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு" என்று மாறிக்கொண்டிருக்கும்போது, இந்த வீட்டுக்குள் செத்த கிழவர் ஒருவர் பழைய உலகத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்.

தமாயோ பூசாரியின் பேத்திதானே, பேரனைக் கட்டச் சொல்வதில் என்ன சிக்கல்?

இதற்கான பதில் கதையின் ரகசியத்தோடு சேர்ந்தது, கீழே வருகிறது. முறை பற்றி மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லாரும் இந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள். படத்தில் ஓர் இடத்தில் தாகேகோ மகள் சாயோகோவும் உமேகோ மகன் சுகேதோமோவும் காதலர்கள் என்று தெரியவரும். அக்கா மகளும் தங்கை மகனும்! நமக்கு அவர்கள் அண்ணன் தங்கை முறை, நினைத்தாலே பாவம். ஜப்பானில் இது சட்டப்படி சரி. அங்கே மூன்றாம் நிலை ரத்த உறவுவரைதான் தடை, பெரியம்மா சித்தி பிள்ளைகளும் அத்தை மாமன் பிள்ளைகளும் ஒரே கணக்கில் நான்காம் நிலை. அதே சட்டப்படி நாம் சர்வசாதாரணமாகச் செய்துவைக்கிற மாமன், அக்கா மகள் கல்யாணம் அங்கே கூடாது, அது மூன்றாம் நிலை.

முகமூடி ஏன்? பயமாக இருக்குமா?

சுகேகியோ பர்மாப் போர்முனையில் இருந்தவன், அங்கே முகம் சிதைந்துவிட்டது என்பது சொல்லப்படுகிற காரணம். பர்மாவுக்குப் போன மூன்று லட்சம் ஜப்பானியச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. திரும்பியவர்களும் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. வாசலில் வந்து நிற்பது நம் பிள்ளைதானா என்று ஒரு தாய்க்கே சந்தேகம் வருகிற காலம் அது, அந்தச் சந்தேகத்துக்குத்தான் படம் ஒரு ரப்பர் முகத்தை மாட்டிவிட்டிருக்கிறது. இச்சிகாவாவுக்குப் பர்மா புதிதும் இல்லை. 1956-லேயே 'பர்மிய யாழ்' என்ற படத்தில், செத்த சிப்பாய்களைப் புதைப்பதற்காக நாடு திரும்பாமல் துறவியாகத் தங்கிவிடுகிற ஒருவனைக் காட்டியவர் அவர். இருபது வருடம் கழித்து அதே பர்மாவிலிருந்து ஒருவனை வீட்டுக்கு அனுப்புகிறார், அவன் கொண்டுவருவது வேறு.

பயம் என்று கேட்டால், முகமூடி சும்மா இருக்கும்போதுதான் பயம். அசைவே இல்லாத வெள்ளை முகத்தில் இரண்டு கண் மட்டும் உருளும். தாய் கட்டளையிட, அவன் தாடையிலிருந்து அந்த ரப்பரைக் கீழிருந்து மேலாகச் சுருட்டுகிற காட்சி ஒன்று உண்டு. பிசுக்கென்று உரிகிறது. அதைவிட ரத்தம் தெறிக்கிற இடங்களெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தன, பெயின்ட் மாதிரிச் சிவப்பு. சின்னப் பிள்ளைகளோடு பார்க்காதீர்கள், வெட்டிய தலை ஒன்று வருகிறது.

துப்பறிகிறவர் யார்? ஷெர்லாக் மாதிரி ஆளா?

பேர் கோசுகே கிந்தாயிச்சி. 1946 முதல் யோகோமிசோவின் கதைகளில் வருகிறவர். அழுக்கு வேட்டி மாதிரியான கசங்கிய ஹகாமா, நசுங்கிய தொப்பி, யோசனை வந்தால் இரண்டு கையாலும் தலையைச் சொறிவார், பொடுகு பனி மாதிரி உதிரும். இதற்கு முந்தைய படங்களில் இவருக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டிருந்தார்கள், 1975-இல் வந்த ஒன்றில் ஜீன்ஸ்கூட. புத்தகத்தில் இருக்கிற அதே பரட்டைத் தலையைத் திரைக்குக் கொண்டுவந்தது இந்தப் படமும் கோஜி இஷிசாகாவும்தான். 'கிந்தாயிச்சி' அனிமே பார்த்தவர்களுக்கு: "தாத்தா பேரால் சத்தியம்" என்று அந்தப் பையன் சொல்கிற தாத்தா இவர்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர் எந்தக் கொலையையும் தடுப்பதில்லை. வந்து, பார்த்து, ஓடி, மூச்சிரைத்து, எல்லாரும் செத்த பிறகு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்வார். இச்சிகாவா அதைக் குறையாக நினைக்கவில்லை. இவர் அந்த வீட்டுக்கு வருத்தப்படத் தெரிந்த ஒரே வெளியாள், அவ்வளவுதான். அவரைவிட எனக்குப் பிடித்தது போலீஸ் அதிகாரியாக வருகிற தகேஷி கதோ. வயிற்றுக்குத் தூள் மருந்து போட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று உள்ளங்கையில் குத்தி "சரி, புரிஞ்சிடுச்சு!" என்பார், ஒருதடவைகூட அவருக்குப் புரிந்திருக்காது. இச்சிகாவாவின் அடுத்தடுத்த கிந்தாயிச்சி படங்களிலும் அதே ஆள், அதே வசனம்.

ஏரியில் தலைகீழாக இரண்டு கால் நிற்கிற படம் எங்கே பார்த்தாலும் வருகிறதே, அது இதுதானா?

இதேதான். ஜப்பானில் இதைக் கேலி செய்யாத நகைச்சுவை நிகழ்ச்சி இல்லை என்று சொல்லலாம். நாகானோவில் இருக்கிற ஆவோகி ஏரியில் எடுத்தது. நாவலில் ஏரி உறைந்திருக்கும், படத்தில் தண்ணீர். மலை, அமைதியான நீர், நடுவில் வெள்ளையாக இரண்டு கால். கோரமும் சிரிப்பும் ஒன்றாக வருகிற இந்த மாதிரிக் காட்சி ஒரு படத்துக்கு ஒன்று அமைந்தாலே பெரிய விஷயம்.

இனி முடிச்சுகளை அவிழ்க்கிறேன். படம் பார்க்காதவர்கள் கடைசி மூன்று கேள்விகளுக்குத் தாவிவிடுங்கள்.

கொலையாளி யார்?

மாத்சுகோ. மூத்த மகள், சுகேகியோவின் அம்மா. மற்ற இரண்டு பையன்கள் போய்விட்டால் தமாயோ தன் மகனைத்தான் கட்ட வேண்டும், சொத்து அவன் கைக்கு வந்துவிடும். தங்கச்சி பிள்ளைகளைப் பெரியம்மாவே முடித்துவிடுகிறாள். ஆரம்பத்திலேயே கிந்தாயிச்சியை வரவழைத்த வக்கீல் அலுவலக ஊழியர் விஷச் சிகரெட்டால் சாவதும் அவள் கைவேலைதான், உயிலில் என்ன இருக்கிறது என்று அவர் மூலம் முன்கூட்டியே தெரிந்துகொண்டவள் அவள்.

மியேகோ தகாமினே நடித்திருக்கிறார். 1930-களிலேயே நட்சத்திரமாக இருந்தவர். கொலை செய்கிற நேரத்தில்கூட முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார்.

அப்படியென்றால் பிணங்களை விசித்திரமாக அலங்கரித்தது ஏன்?

அலங்கரித்தது அவள் இல்லை. இங்கேதான் படம் சாதாரண சொத்துத் தகராறிலிருந்து வேறு இடத்துக்குப் போகிறது. கொலை ஒருத்தி, ஜோடனை வேறொருவர். மாத்சுகோ கொன்றுவிட்டுப் போய்விடுகிறாள், மறுநாள் காலை பிணம் தான் விட்ட மாதிரி இல்லாததைப் பார்த்து அவளே திகைக்கிறாள்.

உண்மையான சுகேகியோ முகத்தை மூடிய பராரிச் சிப்பாயாக ஊருக்குள் ஒளிந்து திரிகிறான். முகமூடிக்குள் இருப்பவன் ஷிசுமா. இருவரும் பர்மாவில் ஒன்றாக இருந்தவர்கள், முக ஜாடையும் ஒன்று, ஒரே கிழவரின் ரத்தம்தானே. சுகேகியோ செத்துவிட்டான் என்று நினைத்து ஷிசுமா அவன் பேரில் வீட்டுக்குள் நுழைகிறான், பிறகு நிஜமானவன் ரகசியமாக வந்து சேர்கிறான். இருவரும் ஒளிந்திருந்து முதல் கொலையைப் பார்த்துவிடுகிறார்கள். தன் அம்மாவே கொலைகாரி என்று தெரிந்த மகன், சந்தேகம் அவள்மேல் விழக்கூடாது என்று, தலை துண்டிக்கப்பட்டுச் சாமந்திப்பூவால் ஜோடித்த பொம்மையின் கழுத்தில் வைக்கப்படுவதற்கு உடந்தையாகிறான். ஷிசுமா அந்த ரகசியத்தைப் பிடித்துக்கொண்டு அவனை ஆட்டிவைக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை அம்மாவுக்குப் பின்னாலேயே போய்ச் சுத்தம் செய்கிறது, அம்மாவுக்கு அது தெரியாது. இரண்டாம் தடவை பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது இங்கேதான்.

கோடாலி, கோதோ வாத்தியம், சாமந்தி: இதற்கு என்ன அர்த்தம்?

மூன்று பொக்கிஷங்கள் அவை. ஜப்பானிய மொழியில் யோகி, கோதோ, கிகு. சேர்த்துச் சொன்னால் "நல்ல சேதி கேள்" என்று பொருள் வரும். கபுகி நாடகத்தில் ஓனோயே என்ற நடிகர் பரம்பரை உடையில் அணிகிற மங்கலச் சின்னம் அது. முதல் தலை சாமந்தியில், அடுத்தவன் கோதோவின் நரம்பால் கழுத்து நெரிக்கப்பட்ட கோலத்தில், மூன்றாமவன், அதாவது ஏரியில் தலைகீழாக நிற்கிற ஷிசுமா, கோடாலியால்.

நாவலில் ஏரிக் கால்களுக்கு ஒரு வார்த்தை விளையாட்டும் உண்டு. சுகேகியோ என்ற பேர் அவர்கள் எழுத்தில் நான்கு எழுத்து: சு, கே, கி, யோ. ஆளைத் தலைகீழாக நட்டால் பேரும் தலைகீழ்: யோ, கி, கே, சு. பாதி உடம்பு தண்ணீருக்குள் போனால் மிஞ்சுவது யோகி, கோடாலி. விடுகதைப் பிரியர்களுக்கு இது தேன். படத்தில் நிஜக் கோடாலியே வேலையை முடித்துவிடுகிறது.

ஏன் இந்த மூன்று? கிகுனோவுக்கு மகன் பிறந்ததும் சாஹே பொக்கிஷங்களை அவளிடம் கொடுத்துவிட்டார். மகள்கள் மூன்று பேரும் ஒரு குளிர்ராத்திரியில் அவள் வீட்டுக்குள் புகுந்து, அவளை இழுத்துப்போட்டு அடித்து, கைக்குழந்தைக்குச் சூடு வைத்து, மூன்றையும் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குழந்தைதான் ஷிசுமா. அவன் சொத்துக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் மாத்சுகோவிடம் தான் யார் என்று அவனே சொல்லிவிட்டு ஜெயித்துவிட்டதாகக் கொக்கரிக்கிறான், அவளால் தாங்க முடியாமல் கோடாலியை எடுக்கிறாள்.

கைரேகை ஒத்துப்போனதே? அது எப்படி?

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். போருக்குப் போகுமுன் சுகேகியோ கோயிலில் காணிக்கையாக வைத்த கைப்பதிவு ஒன்று இருக்கிறது. முகமூடிக்காரன் நிஜ ஆளா என்று பார்க்கக் கைப்பதிவு கேட்டபோது மாத்சுகோ முதலில் கொதித்துப்போய் மறுக்கிறாள். அன்று ராத்திரி சுகேதாகே கொலை. அடுத்து அவளே வலியக் கூட்டிவந்து எல்லார் முன்னாலும் மை தொட்டு வைக்கச் சொல்கிறாள், ஒத்துப்போகிறது. அந்த ஒரு வேளைக்கு முகமூடிக்குள் இருந்தது நிஜ சுகேகியோ! ஆளை மாற்றிவிட்டார்கள். முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பவனிடம் கையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாரும் நிம்மதியாகிறார்கள்.

தமாயோவுக்கு மட்டும் இதற்கு முன்பிருந்தே சந்தேகம். சட்டைப்பையில் போடுகிற மாதிரியான, கெட்டுப்போன கடிகாரம் ஒன்றை, முன்பு நீ சரிசெய்து தருவாயே என்று சொல்லி முகமூடிக்காரனிடம் நீட்டியிருந்தாள். அவன் வாங்கிப் பார்க்கிறான், இன்னொரு நாள் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பழுது பார்க்கத் தெரியாது என்பது அவளுக்கு ஒரு தகவல், கடிகாரத்தில் பதிந்த விரல்ரேகை இன்னொன்று. யோகோ ஷிமாடா இந்தப் பாத்திரத்தில் அதிகம் பேசுவதே இல்லை, ஆனால் அந்த வீட்டில் யோசித்து நடக்கிற ஒரே ஆள் அவள்தான்.

கிழவருக்கு ஏன் தமாயோமேல் இவ்வளவு அக்கறை?

அவள் சொந்தப் பேத்தி. அநாதையாக வந்த சாஹேவைப் பூசாரி தாய்நி எடுத்து வளர்த்தார், இருவருக்கும் இடையில் இருந்தது வெறும் நன்றிக்கடன் இல்லை, காதல் என்றே கதை சொல்கிறது. பிறகு பூசாரியின் மனைவி ஹருயோவுக்கும் சாஹேவுக்கும் பழக்கமாகி ஒரு பெண் பிறந்தது. ஊருக்கு அது பூசாரி மகள். சாஹேவின் வாழ்க்கையில் நிஜமான மனைவி என்றால் ஹருயோதான், ஆனால் அவளைக் கட்ட முடியாது, மகளை மகள் என்று கூப்பிட முடியாது. துணைவிகளையும் அவர்கள் பெற்ற பெண்களையும் அவர் மனதளவில் வீட்டுக்குள் விடவே இல்லை. அந்த மகளின் மகள்தான் தமாயோ. வாழும்போது சொல்லத் துணியாததை உயிலில் எழுதிவிட்டுப் போனார்.

என்னைக் கேட்டால் இந்தப் படத்தில் சதி செய்தவர் ஒருவர்தான், முதல் ஐந்து நிமிடத்திலேயே செத்துப்போனவர். மகள்கள் போடுவதெல்லாம் திட்டம்கூட இல்லை, பயந்தவர்களின் பதற்றம். கடைசியில் சுவரில் மாட்டியிருக்கிற சாஹேவின் பெரிய படத்துக்கு முன்னால்தான் எல்லாக் கணக்கும் முடிகிறது.

சரி, சொத்து கடைசியில் யாருக்கு?

தமாயோவுக்கு. நிஜ சுகேகியோ உயிரோடு இருக்கிறான், தடயத்தை மறைத்ததற்காகச் சிறை போக வேண்டும், அவள் காத்திருப்பதாகச் சொல்கிறாள். மாத்சுகோ விஷப் புகையிலையைக் குழாயில் வைத்து இழுத்துச் சாகிறாள். அதற்குமுன் அவள் வைக்கிற ஒரே கோரிக்கை: சாயோகோ வயிற்றில் வளர்கிற சுகேதோமோவின் குழந்தைக்குச் சொத்தில் பாதியைக் கொடுங்கள் என்பது. தான் கொன்ற இரண்டு பையன்களில் ஒருவனுக்கு அது பிள்ளை, இன்னொருவனுக்குத் தங்கை பிள்ளை.

2006-இல் வந்ததும் இதே படமா? எதைப் பார்க்கலாம்?

அதே இயக்குநர், அதே கதை, அதே கோஜி இஷிசாகா, முப்பது வருடம் கழித்து. இச்சிகாவாவுக்கு அப்போது 91 வயது. பல காட்சிகள் அச்சு அசலாக அப்படியே இருக்கும். 1976-ஐப் பாருங்கள். புதியதில் வெளிச்சம் துலக்கமாக இருக்கிறது, அந்தத் துலக்கமே அந்த வீட்டின் இருட்டைக் கெடுத்துவிட்டது. நாகானோவில் துப்பறிவாளர் தங்குகிற விடுதி மட்டும் இரண்டிலும் ஒன்றே, நிஜமான பழைய விடுதி. பழையதில் வழியனுப்ப வருகிறவர்களுக்குப் பிடிகொடுக்காமல் முன்னதாகவே ரயில் ஏறிவிடுகிற கிந்தாயிச்சி, புதியதில் நீண்ட சாலையில் நடந்துபோய்த் திரும்பி நம்மைப் பார்த்துக் கும்பிடுகிறார். இயக்குநர் 2008-இல் இறந்துவிட்டார் என்று தெரிந்து பார்த்தால் அந்தக் கும்பிடு வேறுமாதிரி இருக்கும், அதற்காக மட்டும் கடைசி இரண்டு நிமிடம் பார்க்கலாம்.

இசையும் தலைப்பு எழுத்துகளும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

இசை யூஜி ஓனோ, 'லூபின்' அனிமே இசைக்காரர். கொலைப் படத்துக்குக் காதல் பாட்டு மாதிரி ஒரு மெட்டு, கம்பிகளைச் சிறு சுத்தியால் தட்டுகிற வாத்தியத்தில். சந்தூர் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமாக இருக்கும். எழுத்துகள்: கறுப்புத் திரையில் பெரிதும் சிறிதுமாக, செங்கோண வளைவில் மடங்கி நிற்கும். 'இவாஞ்சலியன்' அனிமேயின் தலைப்பு அட்டைகள் இச்சிகாவாவின் இந்தப் பாணியிலிருந்து வந்தவைதான்.

பிடித்திருந்தால் அடுத்து எது?

இதே கூட்டணியில் 1979 வரை இன்னும் நான்கு கிந்தாயிச்சி படங்கள் உண்டு. 1977-இல் வந்த 'பிசாசின் பந்துப்பாட்டு' எனக்கு இதைவிட ஒரு படி மேல். சாகப்போகிறவரின் சொத்து என்ற விஷயம்தான் இழுக்கிறது என்றால் மசாகி கோபயாஷியின் 1962 படம் ஒன்று இருக்கிறது, 'கராமியாய்'. புற்றுநோய் வந்த முதலாளி தனக்கு வெளியில் பிறந்த பிள்ளைகளைத் தேடச் சொல்கிறார், தேடப் போனவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஆடுகிறார்கள். கொலை விசாரணை எல்லாம் கிடையாது, ஆனால் ஒருவர்கூட நல்லவர் இல்லை.

அதற்குமுன் இனுகாமியின் முதல் காட்சியை ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாருங்கள். சாகக் கிடப்பவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யார் உயிலைக் கேட்கிறார்கள், யார் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.